அட்லாண்டா: பாலத்துக்கு அடியில் ஒரு தெரு

நாள் 1

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வீடு ஆல்ஃபரெட்டாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சாயங்காலம் நடக்கப் போனால் தமிழும் தெலுங்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அந்த அளவுக்கு நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நகரத்துக்குள் போய் நடந்து பார்த்தவர் யார் என்று கேட்டால் விமான நிலையம், மீன் காட்சியகம், கோகோ கோலா அருங்காட்சியகம் என்று மூன்றோடு முடிந்துவிடுகிறது. எனக்குப் பழைய ஊரைப் பார்க்க வேண்டும் என்றேன். "பழைய ஊர்னு இங்க பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல மாமா" என்றார் மருமகன். சரி, இல்லாவிட்டால் எப்படி இல்லாமல் போனது என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். பேத்திக்கு வசந்தகால விடுமுறை, அவளும் கூட வந்தாள். என் மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

மார்ட்டா ரயில் ஆல்ஃபரெட்டா வரை வராது. நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷன் வரை காரில் கொண்டுவிட வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய நகரத்தில் ரயில் ஏன் இப்படிப் பாதியில் நிற்கிறது என்று படித்துப் பார்த்தேன். சுற்றியுள்ள மாவட்டங்கள் ஓட்டுப் போட்டுத்தான் இதில் சேர வேண்டும். காப் மாவட்டம் 1965-ல் வேண்டாம் என்றது, குவினெட் 1971-ல் வேண்டாம் என்றது. ரயில் வந்தால் நகரத்தின் கறுப்பின மக்களும் அதில் ஏறி வந்துவிடுவார்கள் என்ற பயம் அந்த ஓட்டில் பெரும்பங்கு வகித்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கோடு அப்படியே வரைபடத்தில் நிற்கிறது.

ஃபைவ் பாயின்ட்ஸில் இறங்கினோம். ஐந்து தெருக்கள் கூடுகிற இடம், ஊரின் நடு. இதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருந்துக் கடையில்தான் 1886-ல் முதல் கோகோ கோலா விற்றார்கள். அந்தக் கடை இல்லை.

இந்த ஊர் பிறந்த விதமே வேறு. ஆற்றங்கரையில் வந்த ஊர் இல்லை, துறைமுகமும் இல்லை. 1837-ல் ஒரு ரயில் பாதை இங்கே வந்து முடியட்டும் என்று காட்டுக்குள் ஒரு குச்சி நட்டார்கள். பாதை முடியும் இடம் என்பதால் டெர்மினஸ் என்றே பெயர். அப்புறம் ஆளுநர் லம்ப்கின் மகள் மார்த்தாவின் பெயரில் மார்த்தாஸ்வில் ஆனது, 1845-ல் அட்லாண்டா ஆனது, 1847-ல் நகரமாகப் பதிவானது. பத்து வருடத்தில் மூன்று பெயர்.

ரயிலால் பிறந்த ஊரில், நகர நடுவில் இருந்த பழைய பெரிய பயணிகள் ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. 1905-ல் திறந்த டெர்மினல் ஸ்டேஷனையும் யூனியன் ஸ்டேஷனையும் 1970-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். தண்டவாளங்களின் மேல் 1920-களில் வரிசையாகப் பாலங்கள் கட்டித் தெருவையே ஒரு மாடி உயர்த்திவிட்டதால், பழைய கடைகளின் தரைத்தளம் இப்போது பூமிக்குக் கீழே கிடக்கிறது. அந்த நிழலில் கொஞ்ச நேரம் நடந்தோம். ஊர் தொடங்கிய புள்ளியைக் குறிக்கும் பூஜ்ய மைல் கல்லைத் தேடினேன், அதை 2018-ல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். இன்றைக்கு இவ்வளவுதான்.

நாள் 2

இன்று ஆபர்ன் அவென்யூ. எழுத நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிங் மெமோரியல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். 501-ஆம் எண் வீட்டில், மாடி அறையில், 1929 ஜனவரி 15 அன்று மார்ட்டின் லூதர் கிங் பிறந்தார். போதகரான தாத்தா வில்லியம்ஸ் 1909-ல் வாங்கிய வீடு. மஞ்சள் சுவர், முன்னால் அகலமான திண்ணை. பழுதுபார்ப்பு வேலை நடப்பதால் உள்ளே விடவில்லை. வருத்தம்தான், ஆனால் வெளியே நின்று தெருவைப் பார்த்ததிலேயே ஒன்று புரிந்தது. இந்த வீட்டுக்கு எதிரில் சின்னச் சின்னதாக ஒரு வரிசை வீடு, துப்பாக்கி வீடு என்று பெயர். முன்வாசலில் நின்று சுட்டால் குண்டு எங்கும் படாமல் பின்வாசல் வழியாக வெளியே போய்விடும், அப்படி ஒரே நேர்கோட்டில் அறைகள். ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டியவை. போதகர் குடும்பமும் கூலிக்காரர் குடும்பமும் எதிரெதிரே வாழ்ந்த தெரு. வேறெங்கும் குடியேற விடாததால் டாக்டர், வாத்தியார், சலவைக்காரி எல்லோரும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

கறுப்பினக் கடைகள் இந்தத் தெருவில் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்ததற்கு 1906 ஒரு பெரிய காரணம். அந்த வருடம் ஆளுநர் தேர்தல். கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிப்பேன் என்று வேட்பாளர்கள் போட்டி போட்டுப் பேசினார்கள். செப்டம்பர் 22 அன்று பத்திரிகைகள், கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைத் தாக்கினார்கள் என்று ஆதாரமில்லாத செய்திகளைச் சிறப்புப் பதிப்பு மேல் சிறப்புப் பதிப்பாக அச்சடித்து விற்றன. சாயங்காலம் ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் நகர நடுவில் திரண்டுவிட்டார்கள். டிராமிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். குறைந்தது 25 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள், அதைவிட மிக அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு.

அலோன்ஸோ ஹெர்ண்டன் என்று ஒருவர். 1858-ல் அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தக் கற்று, பீச்ட்ரீ தெருவில் வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் முடிதிருத்தும் ஆடம்பரமான கடை வைத்திருந்தார். கலவர இரவில் அவர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், எதிர்க்கடையில் இருந்த முடிதிருத்துபவர்களைக் கொன்றே போட்டார்கள். அன்றாடம் தங்கள் கழுத்தில் கத்தி வைக்க அனுமதித்த கைகளை ஒரே இரவில் எதிரியாக நினைக்க அவர்களால் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கறுப்பினக் கடைகள் நகர நடுவிலிருந்து விலகி ஆபர்னில் சேர்ந்தன. ஹெர்ண்டன் முந்தைய வருடமே 140 டாலர் கொடுத்து ஒரு சின்ன சகாய நிதியை வாங்கியிருந்தார். அதுதான் வளர்ந்து அட்லாண்டா லைஃப் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் ஆனது. வங்கி, பத்திரிகை, தேவாலயங்கள், இரவு விடுதி, 1949-ல் கறுப்பினத்தவர் சொந்தமாக வைத்திருந்த முதல் வானொலி நிலையம் எல்லாம் இந்தத் தெருவில் வந்தன. 1956-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை இதை உலகிலேயே பணக்கார நீக்ரோ தெரு என்று எழுதியது. ஜான் வெஸ்லி டாப்ஸ் என்ற பெரியவர் 'இனிய ஆபர்ன்' என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

கிங் போதகராக இருந்த எபனேசர் தேவாலயத்தில் உட்கார்ந்தோம். உள்ளே கிங்கின் குரல் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் பேசுவதில்லை. அவர் சுடப்பட்டது மெம்பிஸில் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய அம்மா ஆல்பெர்ட்டா, ஆறு வருடம் கழித்து, 1974 ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை, இதே கூடத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அந்த ஆர்கன் இருக்கும் பக்கம் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே, தண்ணீருக்கு நடுவில் கிங்குக்கும் மனைவி கொரெட்டாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கல்லறை. எதிரே பார்வையாளர் கூடத்தின் பக்கம் காந்தி சிலை, நடந்துபோகிற மாதிரி. நான் நாகர்கோவில்காரன், அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1959-ல் கிங் இந்தியா வந்தபோது கன்னியாகுமரிக்கும் வந்தார். மனைவியோடும் நண்பர் ரெடிக்கோடும் கடலோரம் உட்கார்ந்து, மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்ததைப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது மூன்று வயது. அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார், தீண்டாமைக்கு ஆளான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்குச் சுருக்கென்று இருந்ததாம். அப்புறம் தன் நாட்டில் இரண்டு கோடி பேர் வாழும் விதத்தை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இதை அவர் 1965 ஜூலை 4 அன்று எபனேசரில் பிரசங்கமாகச் சொன்னார், இப்போது நான் உட்கார்ந்துவிட்டு வந்த தேவாலயத்தில். எங்கள் பக்கத்தில் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள உரிமை கேட்டு அடிபட்டு, 1859-ல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து அவர் வந்திருக்கிறார். பாட்டி வாயால் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான், அந்தத் தலைமையாசிரியர் ஏன் அப்படி அழைத்தார் என்று எனக்குப் புரிகிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டு மேற்கே நடந்தால் தெரு சட்டென்று இருட்டிவிடுகிறது. தலைக்கு மேல் நெடுஞ்சாலை. பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காத இரைச்சல். 1950-60-களில் 75, 85 என்ற இரண்டு நெடுஞ்சாலைகளையும் ஒன்றாக்கி இந்தத் தெருவை நடுவில் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைகள் போயின, வீடுகள் போயின, ஆட்கள் மேற்கே கிளம்பிவிட்டார்கள். பாலத்தைத் தாண்டியதும் ஒரு சுவர் முழுக்க, கிங்கோடு உரிமைப் போராட்டத்தில் நின்று பிறகு நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸின் ஓவியம், 65 அடி உயரம். காரில் பறக்கிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். நானே விமான நிலையத்திலிருந்து வந்த அன்று அந்தச் சாலையில்தான் வந்தேன், கீழே ஒரு தெரு இருக்கிறது என்று தெரியாமல்.

நாள் 3

மழை. காரெல்லாம் மஞ்சள் பொடி, இந்த மாதத்தில் பைன் மரங்களின் மகரந்தம் ஊரையே பூசிவிடுகிறது, மழை அதைக் கழுவி ஓடையாக ஓடவிட்டது. மகள் லீவு போட்டு பக்ஹெட்டில் இருக்கும் அட்லாண்டா வரலாற்று மையத்துக்கு அழைத்துப் போனாள். பூஜ்ய மைல் கல் கிடைத்துவிட்டது! பக்கத்தில் டெக்ஸாஸ் என்ற 1856-ஆம் வருடத்து நீராவி இன்ஜினோடு நிற்கிறது, ஒரு ஆள் உயரம்கூட இல்லாத கல்.

இங்கே பார்க்க வேண்டியது சைக்ளோரமா. 49 அடி உயரத்தில் 371 அடி நீளத் துணியில் வரைந்து, நம்மைச் சுற்றி வட்டமாகத் தொங்கவிட்ட ஒற்றை ஓவியம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் 1864 ஜூலை 22 அன்று அட்லாண்டாவில் மோதிய சண்டையைக் காட்டுகிறது. மில்வாக்கியில் ஜெர்மானிய ஓவியர்கள் 1886-ல் வரைந்தது. வடக்கத்திக்காரர்களுக்காக வரைந்ததால் வடக்கின் வெற்றி. 1892-ல் அட்லாண்டாவுக்கு வந்ததும் என்ன செய்தார்கள் என்றால், பிடிபட்டு ஓடுகிற தெற்குச் சிப்பாய்களின் உடுப்புக்கு நிறத்தை மாற்றி, பயந்து ஓடுகிற வடக்குச் சிப்பாய்களாக ஆக்கிவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மாற்றத்தோடுதான் ஊர் அதைப் பார்த்தது. இந்த மையம் அந்தக் கதையை மறைக்காமல் சொல்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் செப்டம்பர் 2 அன்று ஊர் வடக்குப் படையிடம் சரணடைந்தது. முந்தின இரவு தெற்குப் படையே போகும்போது தன் வெடிமருந்து ரயிலைக் கொளுத்திவிட்டுப் போனது. வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் குடிமக்களை வெளியேற்றினார், நவம்பர் நடுவில் கிளம்பும்போது மிச்சத்துக்குத் தீ வைத்தார். நகர முத்திரையில் ஃபீனிக்ஸ் பறவை, 1847, 1865 என்று இரண்டு வருடம், மீண்டெழுகிறது என்று பொருள்படும் லத்தீன் சொல். அந்தத் தீயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1917-ல் ஆபர்னுக்குப் பக்கத்தில் எரிந்த தீ, 300 ஏக்கர் போய் 10,000 பேர் வீடிழந்த தீ, அதற்கு முத்திரையில் இடமில்லை. சாலை விழுங்கிய தெருக்களுக்கும் இல்லை.

நாள் 4

ஓக்லேண்ட் கல்லறைத் தோட்டம். 1850-ல் தொடங்கியது, 48 ஏக்கர். மாக்னோலியா மரங்கள், செங்கல் நடைபாதை, ஆட்கள் நாயோடு நடக்கிறார்கள். இதைத்தான் ஊரின் உண்மையான பழைய பகுதி என்பேன். ஊருக்கு ஒருகாலத்தில் தன் பெயரைக் கொடுத்த மார்த்தாகூட இங்கேதான் இருக்கிறார்.

முதலில் அடிமைகளைப் புதைக்கத் தனியாக ஒரு சதுரம் இருந்தது. வெள்ளையர்களுக்கு இடம் போதவில்லை என்று 1877-ல் அந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து வேறு மூலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மூலை இன்று பெரும்பாலும் வெறும் புல்வெளி, மரப்பலகை நட்டுவைத்தார்கள், பலகை மக்கிப்போய்விட்டது. செத்த பிறகும் இடம் மாற்றப்பட்டவர்கள். இதெல்லாம் பொறுக்காமல்தான் 1886-ல் கறுப்பினத்தவரே சேர்ந்து சவுத் வியூ என்று தனிக் கல்லறைத் தோட்டம் தொடங்கினார்கள், கிங்கை முதலில் அடக்கம் செய்தது அங்கேதான்.

புல்வெளி நடுவில் நிற்கிற சில கற்களில் ஒன்று கேரி ஸ்டீல் லோகனுடையது. அடிமையாகப் பிறந்தவர், ரயில் நிலையத்தில் வேலை. அங்கே பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பகலில் அந்தப் பிள்ளைகளைக் காலி சரக்குப் பெட்டியில் விளையாட விட்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போவாராம். வீடு நிரம்பியதும் தன் கதையைப் புத்தகமாக எழுதி விற்று, சொந்த வீட்டையும் விற்று, 1888-ல் அநாதை இல்லம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. கல்லில் இருக்கும் வசனம் எங்கள் ஊர் வேதாகமத்தில் "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்று வரும். பேத்தி அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

நாள் 5

காலையில் ஃபாக்ஸ் தியேட்டர், 1929-ல் கட்டியது, மேற்கூரையில் நட்சத்திரம் மின்னும். 1970-களில் இதையும் இடிக்கப் போனார்கள், மக்கள் காசு சேர்த்துக் காப்பாற்றினார்கள். எனக்கு நினைவில் நிற்பது பக்கவாட்டில் இருக்கும் படிக்கட்டு. கறுப்பினத்தவர் தெருவிலிருந்து அதில் ஏறி நேராக உச்சி மாடத்துக்குத்தான் போகலாம், மற்ற எதையும் கண்ணால் பார்க்க முடியாது.

மதியம் பிஸி பீ கஃபே. 1947-லிருந்து இருக்கும் சின்ன உணவகம். வரிசையில் நின்று வாங்கிய பொரித்த கோழிக்கு நிகராக நான் இந்த நாட்டில் வேறெதையும் சாப்பிடவில்லை. காலர்ட் கீரை, சோள ரொட்டி, ஐஸ் போட்டு இனிப்பு மிஞ்சிய டீ. வெண்டைக்காய் இந்தத் தெற்கத்திச் சமையலுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்தது.

அப்புறம் பக்கத்திலேயே மோர்ஹவுஸ், கறுப்பின ஆண்களுக்கான கல்லூரி. கிங் 1944-ல், 15 வயதில், இங்கே சேர்ந்தார். தலைவராக இருந்த பெஞ்சமின் மேஸ் அதற்குச் சில வருடம் முன்பே வார்தா போய்க் காந்தியோடு பேசிவிட்டு வந்தவர். காந்தி கிங்கிடம் வந்துசேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. 1960-ல் இந்தக் கல்லூரியையும் பக்கத்துக் கறுப்பினக் கல்லூரிகளையும் சேர்ந்த மாணவர்கள் பத்திரிகைகளில் முழுப்பக்க விண்ணப்பம் வெளியிட்டுவிட்டு, வெள்ளையர் மட்டும் சாப்பிடும் இடங்களில் போய் உட்கார்ந்தார்கள். அக்டோபரில் ரிச்சஸ் கடையில் அவர்களோடு உட்கார்ந்து கிங்கும் கைதானார். வெறுக்க நேரமில்லாத நகரம் என்று மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்ட் பெருமைப்பட்ட ஊர் இது. அதே ஊரில் 1962 டிசம்பரில், வெள்ளையர் பகுதியில் ஒரு கறுப்பின டாக்டர் வீடு வாங்கியதற்காக, பேட்டன் சாலைக்குக் குறுக்கே நகராட்சியே தடுப்பு வைத்தது. மார்ச்சில் நீதிமன்றம் அகற்றச் சொன்னது. 1968 ஏப்ரல் 9 அன்று இரண்டு கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் கிங்கின் உடலை எபனேசரிலிருந்து இந்தக் கல்லூரி வரை கொண்டுவந்தார்கள். மேஸ்தான் இரங்கல் உரை சொன்னார். மாணவனுக்கு ஆசிரியர்.

நாள் 6

கடைசி நாள், மருமகனும் வந்தார். பெல்ட்லைனில் நடந்தோம். 22 மைல் சுற்றளவுக்கு ஊரைச் சுற்றிய பழைய சரக்கு ரயில் பாதை, அதை நடைபாதையாக்கலாம் என்று ஒரு மாணவர் 1999-ல் எழுதிய முதுகலை ஆய்வேட்டிலிருந்து வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரத்து வீடுகளின் வாடகை ஏறி, காலங்காலமாக இருந்தவர்கள் கிளம்பவேண்டியதாகிவிட்டது, மறுபடியும்.

பாதையிலிருந்து விலகினால் ஃப்ரீடம் பார்க். இங்கேயும் ஒரு நெடுஞ்சாலை வரவேண்டியது. நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தும்விட்டார்கள். அக்கம்பக்கத்தார் வருடக்கணக்காக வழக்குப் போட்டு, மரத்தில் ஏறி உட்கார்ந்து, நிறுத்திவிட்டார்கள். பெருவழிக்குப் பதில் மெதுவாக வளைந்துபோகும் சிறு சாலையும் புல்வெளியும் வந்தன. அந்தச் சாலைக்கு இப்போது ஜான் லூயிஸ் பெயர். இங்கே நிறுத்த முடிந்தது ஆபர்னில் ஏன் முடியவில்லை என்று மருமகன் கேட்டார். ஆபர்னை வெட்டியபோது அங்கிருந்தவர்களுக்கு நகரசபையில் ஓர் இடம்கூட இல்லை. முதல் கறுப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன் வந்தது 1973 தேர்தலில்தான். டாப்ஸின் பேரன் அவர்.

சாயங்காலம் மறுபடியும் ஆபர்ன். பாலத்தோரம் டாப்ஸின் முகம் பெரிய வெண்கல முகமூடியாக இருக்கிறது, பின்பக்கம் போய் அவர் கண் துளை வழியாகத் தெருவைப் பார்க்கலாம். பேத்தி பார்த்தாள், அப்புறம் நான், அப்புறம் மருமகன். "இத்தனை வருஷமா மேலதான் போயிருக்கேன் மாமா" என்றார். பீச்ட்ரீ சென்டர் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம் என்று பாலத்துக்கு அடியில் இறங்கினோம். பேத்தி இந்த நிழல் எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள், நூறைத் தாண்டியதும் லாரி இரைச்சலில் எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்பிப் போய் முதல் எட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள். நாங்கள் காத்து நின்றோம்.